மேனிஃபோல்டுக்கு ஒன்று, பிளாக்குக்கு ஒன்று: பழைய கார் என்ஜினுக்குச் சூடு தாங்கும் பெயின்ட் தேர்ந்தெடுப்பது எப்படி?

என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்கு அடித்த பெயின்டையே, புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் அடித்தால், வண்டி முதல் முறை சூடேறும்போதே அது புகைந்து, பழுத்து, மறுவாரம் பொருக்காக உதிரும். மேனிஃபோல்டுக்கென்று வாங்கிய விலை கூடிய பெயின்டை டேப்பட் கவருக்கு அடித்தாலோ அது முழுதாக இறுகவே இறுகாது. பெட்ரோல் நனைத்த பனியன் வேஸ்டால் துடைத்தால் துணியோடு வந்துவிடும். புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்களின் பணம் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில்தான் வீணாகிறது. எந்த பிராண்டு என்பது அப்புறம். எந்தப் பாகம் எவ்வளவு சுடும் என்பதுதான் முதல் கேள்வி.

உதாரணத்துக்கு அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பம். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும், அதன் மேல் உட்காரும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கலவை உள்ளே போகும் இன்டேக், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் இரண்டுமே ஒரே பக்கம். கார்புரேட்டர் எக்ஸாஸ்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் இதே அமைப்புதான். ஆக, என்ஜினின் ஒரு பக்கம் அடுப்பு. டைனமோவும் டிஸ்ட்ரிபியூட்டரும் இருக்கும் மறுபக்கம் வெறும் வெதுவெதுப்பு. வேறு வண்டி வைத்திருப்பவர்களும் இந்தக் கணக்கையே தங்கள் என்ஜினுக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

எது எவ்வளவு சுடும்

பிளாக், டைமிங் கவர், டேப்பட் கவர், வாட்டர் பம்ப், ஆயில் சம்ப், புல்லி, பிராக்கெட்டுகள் ஆகியவை எல்லாம் தண்ணீரும் ஆயிலும் கட்டுப்படுத்தும் சூட்டில் இருப்பவை. 80 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் அடங்கிவிடும். நமக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் பெயின்டுக்கு இது சாதாரணச் சூடு. இந்தப் பாகங்களில் பெயின்டைக் கெடுப்பது சூட்டைவிட ஆயிலும் பெட்ரோலும்தான்.

அடுத்தது இடைப்பட்ட பகுதி: ஹெட்டில் எக்ஸாஸ்ட் துளைகளைச் சுற்றிய இடம், மேனிஃபோல்டை ஒட்டிய பிளாக்கின் பக்கவாட்டு, கார்புரேட்டருக்குக் கீழே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு, சைலன்சர் டப்பா. 150 முதல் 300 டிகிரி வரை போகும். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். பிளாக் முழுக்க ஒரே எனாமல் அடித்து, ஆறு மாதத்தில் மேனிஃபோல்டுக்குப் பின்னால் மட்டும் பழுப்பேறிப் பொரிந்திருப்பதைப் பார்த்துப் பெயின்ட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

கடைசியாக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதிலிருந்து இறங்கும் பைப்பின் மேல்பாதியும். சாதாரண ஓட்டத்தில் 400 டிகிரியைத் தொடும். ஏற்காடு, ஊட்டி போன்ற மலையேற்றத்தில் 600-ஐ நெருங்கலாம். இருட்டில் இரும்பு மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்குவது சுமார் 525 டிகிரியில். உங்கள் மேனிஃபோல்டு சும்மா நின்று ஓடும்போதே சிவக்கிறது என்றால் பெயின்ட் கடைக்குப் போகாதீர்கள், மெக்கானிக்கிடம் போங்கள். இக்னிஷன் டைமிங் பிந்தியிருந்தால் சிலிண்டருக்குள் முடிய வேண்டிய எரிப்பு மேனிஃபோல்டு வரை நீளும். அந்தச் சூட்டுக்கு எந்தப் பெயின்டும் நிற்காது.

சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். இன்ஃப்ராரெட் வெப்பமானி வாங்கும்போது 500 டிகிரிக்கு மேல் அளக்கும் வகையாக இருக்கட்டும். பளபளப்பான உலோகத்தையும் வெள்ளிப் பெயின்டையும் அது உண்மையைவிடக் குறைத்தே காட்டும். அந்தப் பரப்புகள் வெப்பத்தைக் குறைவாகவே வெளியிடுவதால் வரும் கோளாறு அது. மேனிஃபோல்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சூடு தாங்கும் மேட் கறுப்பு வைத்து, அந்தப் புள்ளியை அளந்தால் நம்பலாம்.

டப்பாவில் இருக்கும் எண்

டப்பாவில் '600 டிகிரி' என்று போட்டிருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. சற்று நேரம் தாங்கும் என்று அர்த்தம். தொடர்ந்து தாங்கும் அளவு சிறிய எழுத்தில் இருக்கும், இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் தகவல் தாளில் இருக்கும். இரண்டுக்கும் 100 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். தொடர் அளவை மட்டும் கணக்கில் எடுங்கள். வெளிநாட்டு டப்பா என்றால் ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்று பாருங்கள். 500 ஃபாரன்ஹீட் என்பது வெறும் 260 செல்சியஸ்தான். இதைக் கவனிக்காமல் மேனிஃபோல்டுக்கு என்ஜின் எனாமல் வாங்கி வந்தவர்கள் ஏராளம்.

சாதாரணப் பெயின்டின் பிசின் கார்பன் சங்கிலியால் ஆனது. 200 டிகிரியைத் தாண்டியதும் அது பழுத்து, பின்பு கருகிவிடும். மேனிஃபோல்டுக்கான பெயின்டில் இருப்பது சிலிக்கோன் பிசின். அதன் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. அந்தப் பிணைப்பு கார்பன் பிணைப்பைவிட வலுவானது. முதல் சூட்டில் பிசினில் ஒட்டியிருக்கும் கரிமப் பகுதிகள் எரிந்துபோய், மிஞ்சுவது கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய படலம். அலுமினியத் துகள் கலந்த வகையில் அந்தத் துகள்கள் இரும்போடு இறுகிவிடும். அலுமினியமே 660 டிகிரியில் உருகும் என்பதால் அந்த வகைக்கு 600-ஐ ஒட்டித்தான் எல்லை.

ஹார்டுவேர் கடையில் கேட்டுக்கும் கிரில்லுக்கும் கிடைக்கும் வெள்ளிப் பெயின்டும் அலுமினியம்தானே என்று கேட்கலாம். அலுமினியம்தான், பிசின் வேறு. பிசின் எரிந்ததும் அலுமினியப் பொடி பிடிமானம் இல்லாமல் தனியே நிற்கும். விரலால் தடவினால் விபூதி போல வரும். தொழிற்சாலைப் பெயின்ட் விற்கும் கடையில் 'ஹீட் ரெசிஸ்டன்ட் அலுமினியம்' என்று கேட்டு வாங்க வேண்டும். அதிலும் 200-க்குள் தாங்குவது, 400, 600 என்று வகைகள் உண்டு. விலை குறைந்ததை எடுத்துக் கொடுப்பார்கள்; எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

நிறத்துக்கும் எல்லை உண்டு. மேனிஃபோல்டு சூட்டில் நிற்பவை அலுமினிய வெள்ளியும், உலோக ஆக்சைடால் ஆன கறுப்பும், வார்ப்பிரும்புச் சாம்பல் நிறமும். சிவப்பு, பச்சை, வெள்ளை எல்லாம் பிசின் நின்றாலும் மங்கிவிடும்.

எந்தப் பாகத்துக்கு எது

பிளாக், சம்ப், கவர்களுக்கு என்ஜின் எனாமல் போதும். சிலிக்கோன் சிறிதளவு கலந்த இந்த வகை 150 டிகிரி வரை நிம்மதியாக நிற்கும். பெட்ரோலும் ஆயிலும் பட்டாலும் தாங்கும். கார் பாடிக்கு அடிக்கும் டூ-கே பாலியூரிதேன் பெயின்டும் இந்தப் பாகங்களுக்கு நன்றாகவே உழைக்கும். நினைத்த நிறத்தைக் கலந்து வாங்கலாம் என்பது அதன் வசதி. ஆனால் அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கிற சமாச்சாரம் அல்ல அது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடியும் திறந்த இடமும் இல்லாவிட்டால் எனாமலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய நிறம் என்னவென்று தெரிய வேண்டுமானால் டைனமோ பிராக்கெட்டைக் கழற்றி அதன் அடியில் பாருங்கள். வெயிலும் ஆயிலும் படாத அசல் நிறம் அங்கே மிச்சமிருக்கும்.

மேனிஃபோல்டுக்குப் பின்னால் இருக்கும் பிளாக்கின் பட்டைக்கு, அதே நிறத்தில் 250 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்கும் எனாமல் கிடைத்தால் அதையே பிளாக் முழுக்க அடித்துவிடலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பட்டைக்கு மட்டும் சூடு தாங்கும் கறுப்பு அடியுங்கள். மேனிஃபோல்டு மூடிக்கொள்ளும் இடம். யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை.

பவுடர் கோட்டிங் டேப்பட் கவர், புல்லி, ஃபேன், பிராக்கெட் போன்ற தனித்தனித் தகட்டுப் பாகங்களுக்கு அருமையானது. 180 முதல் 200 டிகிரி அடுப்பில் சுட்டெடுப்பதால் கெட்டியாக இருக்கும். சிக்கல் அதன் தடிமன்: 60 முதல் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). போல்ட் தலை உட்காரும் இடத்தில் இந்த மெத்தை இருந்தால் சூட்டில் அது நசுங்கி, முறுக்கிய போல்ட் தளர்ந்துவிடும். கேஸ்கட் உட்காரும் விளிம்பிலும் கூடாது. கொடுக்கும்போதே அந்த இடங்களை மறைக்கச் சொல்லுங்கள். வார்ப்புப் பாகம் என்றால் பவுடர் தூவும் முன்பே ஒருமுறை அடுப்பில் வெறுமனே சூடாக்கச் சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் உலோகத்தின் நுண்துளையில் ஒளிந்திருக்கும் ஆயிலும் காற்றும் பூச்சைத் துளைத்துக்கொண்டு வந்து ஊசிமுனைக் குழிகளாக நிற்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சாதாரணப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கவே கூடாது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு வருவோம். சிலிக்கோன் பெயின்ட், செராமிக் கோட்டிங் என்று இரண்டு பாதைகள். செராமிக் என்பது செராமிக் துகளும் சூடு தாங்கும் பிசினும் சேர்ந்த பூச்சு; அதற்கென்றே இருக்கும் பட்டறைகள் பிளாஸ்டிங் செய்து (காற்றழுத்தத்தில் துகள்களைப் பீய்ச்சிப் பரப்பைச் சுரண்டி), கன்னால் அடித்து, அடுப்பில் இறுக்கித் தரும். செராகோட் நிறுவனத்தின் சி-சீரிஸ் போல அடுப்பில்லாமல் காற்றிலேயே இறுகும் வகையும் உண்டு. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்குப் பதிலாக ஸ்டீல் குழாய்களால் செய்த ஹெடர் போட்டிருந்தால் செராமிக்குக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. மெல்லிய குழாய் துருப்பிடிப்பது நிற்கும், பானட்டுக்குள் சூடும் குறையும். அறுபது வருடத்து வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்கு அது தேவையில்லை என்பது எங்கள் கருத்து. சொரசொரப்பான, துருவேறிக் குழிவிழுந்த பழைய வார்ப்பில் எந்தப் பூச்சும் சில வருடங்களில் எங்காவது விட்டுக்கொடுக்கும். சிலிக்கோன் என்றால் அந்த இடத்தைச் சுரண்டி நாமே திரும்ப அடித்துக்கொள்ளலாம். செராமிக் என்றால் மறுபடியும் கழற்றி அனுப்ப வேண்டும், ஒவ்வொரு கழற்றலிலும் ஒரு ஸ்டட் (மேனிஃபோல்டை ஹெட்டோடு பூட்டும் மரைக்கம்பி) உடையும் அபாயம் வேறு.

பழைய ஜாகுவார் எக்ஸ்கே என்ஜின்களின் மேனிஃபோல்டில் கறுப்பாகப் பளபளப்பது பெயின்ட் அல்ல, கண்ணாடி எனாமல். பீங்கான் பூசிய பழைய சாப்பாட்டுத் தட்டின் சங்கதி. அசல் தோற்றம் வேண்டுமென்றால் அதை 800 டிகிரி அளவில் சுடும் சூளையில்தான் செய்ய முடியும். டப்பாப் பெயின்டில் அந்தப் பளபளப்பு வராது. மேனிஃபோல்டு பெயின்ட்கள் மேட்டாகவோ அரைப் பளபளப்பாகவோதான் இறுகும்.

மேனிஃபோல்டைச் சுற்றிக் கட்டும் நாடா வேண்டாம். சூட்டை உள்ளேயே அடைத்து வார்ப்பிரும்பை விரிசல் விட வைக்கும். வண்டி நிற்கும் நாட்களில் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். ரேடியேட்டருக்கும் ஒரு வார்த்தை: அதன் வேலை சூட்டை வெளியே விடுவது. மேட் கறுப்பில் ஒரே ஒரு மெல்லிய தூவல், அவ்வளவுதான்.

சுத்தம் செய்வது

பெயின்ட் வேலையில் முக்கால்வாசி இங்கேதான். முதலில் ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்து மேனிஃபோல்டு கேஸ்கட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தைச் சுழலும் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, பிளேடால் ஈரமாகவே சுரண்டி, பாலித்தீன் பையில் கட்டிப் போடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதையும் உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம்.

மேனிஃபோல்டைக் கழற்றுவதற்கு முந்தைய நாளே ஸ்டட்களுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். அடம்பிடிக்கும் நட்டை ஒரே மூச்சில் திருகாமல் கால் சுற்று இளக்கி, திரும்ப இறுக்கி, மறுபடி இளக்க வேண்டும்.

வார்ப்பிரும்பு பஞ்சு மாதிரி; பல வருட ஆயிலைக் குடித்து வைத்திருக்கும். மேலே துடைத்தால் சுத்தமாகத் தெரியும், சூடேறியதும் வியர்க்கும். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது முதல் கட்டம் மட்டுமே, ஏனென்றால் அவையே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அதன் பிறகு சோப்புத் தூள் கலந்த வெந்நீர், நன்றாக உலர்த்தல், பிறகு 150 முதல் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் அடுப்பு. பவுடர் கோட்டிங் பட்டறையில் சொல்லி வைத்தால் அவர்கள் சுடும் சரக்கோடு சேர்த்து வைத்துத் தருவார்கள். வீட்டுச் சமையல் அவனை இதற்குத் தொடாதீர்கள். ஆறியதும் மேலே வந்து நிற்கும் ஆயிலைத் தின்னரில் துடையுங்கள்.

அதன் பின் பிளாஸ்டிங். மணல் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அலுமினியம் ஆக்சைடு அல்லது கார்னெட் கேளுங்கள். வெள்ளைச் சாம்பலாக, துளித் துரு இல்லாமல், உப்புத்தாள் போல நெருடும் பரப்பு வேண்டும். 25 முதல் 40 மைக்ரான் சொரசொரப்புதான் பெயின்டுக்குப் பிடி. கண்ணாடி மணியால் அடித்தால் பளிச்சென்று இருக்கும், ஆனால் பரப்பு வழவழப்பாகிப் பிடிப்பு இருக்காது. பிளாஸ்டிங் வசதி இல்லாதவர்கள் கம்பி பிரஷ்ஷுக்குப் பிறகு 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் தேயுங்கள். பாதி ஆயுள்தான் கிடைக்கும்.

பூட்டிய நிலையில் இருக்கும் பிளாக்கை ஒருநாளும் பிளாஸ்டிங் செய்யக் கூடாது. ஆயில் வழியில் நாலு பிளாஸ்டிங் துகள் போனாலும் பேரிங் போச்சு. அதற்குக் கம்பி பிரஷ்ஷும் டிகிரீஸரும்தான். பிரித்த பிளாக்கைச் சுடுகாரத் தொட்டியில் போடும் பட்டறை என்றால் அலுமினிய பாகம் எதுவும் கூடவே போகாமல் பாருங்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்துத் தின்றுவிடும்.

துருவைக் கறுப்பாக்கும் கன்வெர்ட்டர் திரவங்கள் பிளாக்குக்குப் பரவாயில்லை, மேனிஃபோல்டுக்கு ஆகாது. அவை விட்டுச்செல்லும் படலம் கரிமப் பொருள். அது எரியும்போது மேலே இருக்கும் பெயின்டையும் கூட்டிக்கொண்டு போகும். ரெட் ஆக்சைடு, எபாக்ஸி பிரைமர், பட்டி எல்லாவற்றுக்கும் இதே காரணம்தான். மேனிஃபோல்டு பெயின்ட் நேராக வெறும் இரும்பின் மேல் போக வேண்டும். அதே தயாரிப்பாளர் அதே சூட்டுக்கென்று விற்கும் பிரைமர் மட்டும் விதிவிலக்கு. பிளாக்குக்கும் கவர்களுக்கும் பிரைமர் அடிக்கலாம், அலுமினியத்துக்கு உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் கட்டாயம்.

கடைசித் துடைப்புக்கு அசிட்டோனும் நூல் உதிராத வெள்ளைத் துணியும். துணி வெள்ளையாகவே திரும்பும் வரை துடையுங்கள். அதன்பின் வெறுங்கையால் தொடக் கூடாது. விரல்ரேகை எண்ணெயே பின்னால் ஒரு வட்டமாக உரியும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தவிருங்கள். அதன் மிச்சம் கடும் சூட்டில் நச்சு வாயுவாகும். பிளாஸ்டிங் முடிந்த இரும்பு கடற்கரை ஊர்களில் சில மணி நேரத்திலேயே மஞ்சளாகிவிடும், ஆகவே அன்றே பெயின்ட் அடிக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அடிப்பது

மறைக்க வேண்டியவை: கேஸ்கட் உட்காரும் முகங்கள், மரைகள், போல்ட் உட்காரும் வட்டங்கள், பிரீதர் துளை, எர்த் ஒயர் பூட்டும் இடம். கடைசியாகச் சொன்னதை மறந்தால் புதுப் பெயின்ட் மினுமினுக்கும், செல்ஃப் மட்டும் 'டக்' என்று நின்றுவிடும். என்ஜின் நம்பர் பொறித்த இடத்தின் மேல் பிளாஸ்டிங்கும் கூடாது, கெட்டிப் பூச்சும் கூடாது. எஃப்சிக்குப் போகும்போது அது படிக்கும்படி இருக்க வேண்டும். மேனிஃபோல்டின் கேஸ்கட் முகத்தில் பெயின்ட் பட்டால் அது எரிந்து மறையும்போது அந்த அளவுக்கு இடைவெளி விழும். அங்கிருந்து புகை கசியும்.

எவ்வளவு வாங்குவது? டப்பாவின் தகவல் தாளில் கன அளவில் திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று இருக்கும். அதை 10-ஆல் பெருக்கி, வேண்டிய மைக்ரான் தடிமனால் வகுத்தால் ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்று தெரியும். 35 சதவீதம், 20 மைக்ரான் என்றால் 17.5 சதுர மீட்டர். கன்னில் பாதி காற்றோடு போகும் என்று வைத்தாலும் எட்டுக்குக் குறையாது. மேனிஃபோல்டும் இறங்கு பைப்பும் சேர்ந்தே அரை சதுர மீட்டர் வராது. இரண்டு கோட்டுக்கு கால் லிட்டர் தாராளம். ஸ்ப்ரே டப்பா என்றால் 400 மில்லியில் ஒன்று. பிளாக்குக்கு இரண்டு, சம்ப்பும் கவர்களும் சேர்த்து மூன்று.

அலுமினியத் துகள் அடியில் படிந்துவிடும். டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள்; கன்னில் அடிப்பதென்றால் குச்சியால் அடிவரை கிளறி வடிகட்டுங்கள். பாகத்தை வெயிலில் வைத்துக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து அடித்தால் ஈரம் ஒட்டாது. ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் இந்த வேலை வேண்டாம்.

மேனிஃபோல்டுக்கு ஒரு கோட் 20 மைக்ரான், மொத்தம் இரண்டு கோட், 40 முதல் 50 மைக்ரானுக்கு மேல் போகவே கூடாது. முதல் கோட்டில் அடியில் இரும்பு மங்கலாகத் தெரிந்தால் சரியான அளவு. 'இன்னும் ஒரு கை கூடுதலாகப் போட்டால் கெட்டியாக நிற்கும்' என்ற பாடி பெயின்ட் பழக்கம் இங்கே எதிரி. தடித்த பூச்சின் மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே மாட்டிய தின்னர் சூட்டில் ஆவியாகி, போக வழியில்லாமல் கொப்பளமாகக் கிளம்பும். ஓரங்கள், வார்ப்பு எழுத்துகள், குழாய் பிரியும் கவட்டை ஆகிய இடங்களுக்கு முதலில் லேசாக ஒரு தூவல், பிறகு முழுப் பரப்பு.

எனாமல் டப்பாக்களில் 'ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட், இல்லாவிட்டால் 7 நாள் கழித்து' என்பது போல ஒரு வரி இருக்கும். அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். அரைகுறையாக இறுகிய அடிப்பூச்சின் மேல் புதுத் தின்னர் பட்டால் பாலாடை போலச் சுருங்கிக்கொள்ளும். முழுதாகச் சுரண்டுவதைத் தவிர வழியில்லை.

சுட்டு இறுக்குவது

பச்சைப் பானையை நேராகச் சூளை நெருப்பில் வைத்தால் வெடிக்கும். சிலிக்கோன் பெயின்டும் அப்படித்தான். காய்ந்ததாகத் தெரிந்தாலும் அது பச்சைதான். படிப்படியாகச் சுட்டால்தான் இறுகும். இந்த வகைப் பெயின்ட்களுக்குப் பொதுவான முறை: ஒரு நாள் காய்ந்த பிறகு, சுமார் 120 டிகிரியில் அரை மணி நேரம், அரை மணி ஆறவிடல், 200 டிகிரியில் அரை மணி, ஆறவிடல், 315 டிகிரியில் அரை மணி. உங்கள் டப்பா வேறு கணக்குச் சொன்னால் அதைக் கேளுங்கள்.

பவுடர் கோட்டிங் அடுப்பு பெரும்பாலும் 220-க்கு மேல் ஏறாது. முதல் இரண்டு கட்டத்தை அங்கே முடித்துவிட்டு மூன்றாவதை வண்டியிலேயே செய்யலாம். மூன்றையும் வண்டியில் செய்வதென்றால்: ஸ்டார்ட் செய்து 10 நிமிடம் ஐடிலில் ஓட்டி நிறுத்துங்கள், கை வைக்கும் சூட்டுக்கு ஆறட்டும். அடுத்து 20 நிமிடம், மறுபடி ஆறட்டும். மூன்றாவது தடவை அரை மணி நேரம் மிதமான வேகத்தில் சாலையில் ஓட்டுங்கள். புகையும் நாற்றமும் வரும், பயம் வேண்டாம். ஷெட்டுக்குள் மட்டும் செய்யாதீர்கள். வண்டி நின்று ஓடும்போது பானட் திறந்திருக்கட்டும், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். என்ஜினைப் புதிதாகக் கட்டியிருந்தால் கேம்ஷாஃப்ட் பதமாகப் பழகுவதற்காக முதல் ஓட்டத்தையே வேகமாக்கச் சொல்வார் மெக்கானிக். அது பெயின்டின் முதல் கட்டத்தோடு மோதும். அப்படியான நிலையில் அடுப்பில் முடித்த மேனிஃபோல்டைத்தான் பூட்ட வேண்டும்.

கேஸ் பர்னரால் சுடும் வழக்கம் உண்டு. ஒரு இடம் 500, பக்கத்து இடம் 100 என்று இருக்கும். ஒரே பூச்சில் கருகலும் பச்சையும் சேர்ந்து நிற்கும். வேண்டாம்.

எனாமல் அடித்த பாகங்களுக்கு இவ்வளவு சடங்கு இல்லை. 90 டிகிரி அளவில் 20 நிமிடம் சூடு பட்டால் கெட்டிப்படும், இல்லாவிட்டால் ஒரு வாரம் ஆறப்போடுங்கள். அதுவரை பெட்ரோலோ பிரேக் ஆயிலோ சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுதாக இறுகிய பின்பும் பிரேக் ஆயில் எனாமலைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

கெட்டுப்போனால் காரணம்

தகடு தகடாக உரிந்து, அடியில் சுத்தமான இரும்பு தெரிந்தால் சொரசொரப்புப் போதவில்லை, அல்லது எண்ணெய் இருந்தது. உரிந்த தகட்டின் பின்புறம் செம்மண் நிறமாக இருந்தால் துருவின் மேலேயே அடித்திருக்கிறீர்கள். விரலில் பொடியாக வந்தால் பெயின்டின் அளவைச் சூடு தாண்டியிருக்கிறது. கொப்பளம் என்றால் தடிமன் அதிகம் அல்லது அவசரச் சூடு. ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் ஒரு துளைக்குப் பக்கத்தில் மட்டும் வெளிறிய கீற்று விழுந்தால் அது பெயின்டின் குற்றமே அல்ல; கேஸ்கட் கசிகிறது, 'டப் டப்' சத்தமும் கேட்கும். மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கலாம், லேத் பட்டறையில் சமப்படுத்த வேண்டும். எக்ஸாஸ்ட் துளைகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் பெயின்ட் வெளுத்து, மற்றவை அப்படியே இருந்தால் அந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காருகிறதா, கலவையில் பெட்ரோல் குறைந்து மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பப் பூட்டும்போது புதுக் கேஸ்கட், ஸ்டட் மரைகளில் செம்புப் பசை, பித்தளை நட்டு. மூன்று முறை சூடேறி ஆறிய பிறகு, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கேஸ்கட் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஸ்பானர் உரசி நட்டுகளைச் சுற்றிப் பெயின்ட் பெயர்ந்திருந்தால் அந்த இடத்தை 120-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, மூடியில் கொஞ்சம் பெயின்ட் ஊற்றி மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுவையுங்கள். அடுத்த நாள் ஓட்டத்திலேயே அது சுட்டுக்கொள்ளும்.